‘ரஷ்யர்’ என்று எழுதும் முன்

கம்யூனிசத்துக்குப் பிந்தைய ரஷ்யாவைப் பற்றித் தமிழில் எழுதும்போது முதல் சறுக்கல் ‘ரஷ்யர்’ என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. நமக்கு ஒரு சொல்தான், அவர்களுக்கு இரண்டு. இனத்தாலும் மொழியாலும் ரஷ்யரானவர் ‘ரூஸ்கி’. எந்த இனத்தவரானாலும் அந்நாட்டுக் குடிமகன் என்றால் ‘ரஸ்ஸியானின்’. ரஷ்யாவின் கசான் நகரத்தில் வாழும் தாத்தாரிய இனத்தவர் இரண்டாவது வகை. அவரை ரூஸ்கி என்று சொல்ல முடியாது. ரஷ்யாவின் முதல் அதிபர் யெல்த்சின் தன் உரைகளில் மக்களை விளித்தது ‘ரஸ்ஸியானே’ (ரஸ்ஸியானின் என்பதன் பன்மை) என்றுதான். இன்னொரு பக்கம், கஜகஸ்தானிலும் உக்ரைனிலும் லாத்வியாவிலும் இருந்த ரூஸ்கிகள் குடியிருந்த வீட்டை விட்டு நகராமலே, 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அயல்நாட்டில் வாழ்பவர்களாகிப் போனார்கள். ரஷ்யாவுக்கு வெளியே இருந்த முன்னாள் சோவியத் குடியரசுகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 2.5 கோடிப் பேர்.

சோவியத் ஆட்சி இன அடையாளத்தையே அழித்துவிட்டது, 1991-க்குப் பிறகுதான் அது திடீரென்று முளைத்தது என்று எழுதுவதும் தவறு. சோவியத் குடிமக்களின் அடையாள ஆவணமான உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ‘தேசிய இனம்’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. ரஷ்யர், தாத்தாரியர், உக்ரைனியர், யூதர் என்று அதில் எழுதுவார்கள். அம்மாவும் அப்பாவும் வெவ்வேறு இனம் என்றால், பிள்ளை பதினாறு வயதில் பாஸ்போர்ட் வாங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘யூதர்’ என்று எழுதப்பட்டதால் கல்லூரிக் கதவு மூடிக்கொண்ட கதைகள் ஏராளம். 1997-ல் வந்த புதிய பாஸ்போர்ட்டில் அந்த வரி இல்லை. எல்லோருக்கும் நிம்மதி என்றுதானே நினைப்போம்? ஆனால் ரஷ்யாவுக்குள் தாத்தாரியர்களின் குடியரசான தாத்தர்ஸ்தானில் எதிர்ப்பு கிளம்பியது. தாங்கள் தாத்தாரியர் என்பதற்கான எழுத்துச் சான்று பறிபோகிறதே என்ற வருத்தம் அவர்களுக்கு. இந்த ஒரு வரியை வைத்தே அந்த மாற்றத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம், பழைய காலத்துக்கு ஏங்குபவர்கள் எல்லோரும் கம்யூனிஸ்டுகள் என்ற முடிவு. இது என்னை உண்மையிலேயே வருத்தும் தவறு. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் விலைகள் இருபது மடங்குக்கும் மேல் ஏறின. ஆயுள் முழுக்கச் சேர்த்த வங்கிச் சேமிப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆண்களின் சராசரி ஆயுள் 1990-ல் 64-ஐ ஒட்டி இருந்தது, 1994-ல் 58-க்கும் கீழே இறங்கியது. மாதச் சம்பளமே வராமல் தவித்த ஆசிரியை பழைய நாட்களை நினைத்தால், அவர் நினைப்பது ஒழுங்காக வந்த சம்பளத்தை. அதைக் கட்சிக் கொள்கையாகப் படித்தால் அவர் பட்ட பாடு நம் கண்ணில் படாது.

பழையது போய்ப் புதியது வந்தது என்று நேர்கோடாக எழுதுவதையும் விட்டுவிடுங்கள். 2000-ல் சோவியத் தேசிய கீதத்தின் இசை திரும்பி வந்தது. அதற்குப் புதிய வரிகளை எழுதியவர் கவிஞர் செர்கேய் மிகல்கோவ். 1943-ல் ஸ்டாலின் பெயரோடு எழுதப்பட்ட கீதத்திலும் அவர் பங்கு உண்டு. புதிய வரிகளிலோ கடவுள் காக்கும் தாயகம் வருகிறது. லெனின்கிராட் மக்கள் 1991-ல் வாக்களித்து ஊருக்கு சென்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பழைய பெயரை மீட்டார்கள். ஊரைச் சுற்றியுள்ள மாகாணத்தின் பெயர் இன்றும் லெனின்கிராட்தான்.