கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் ஸ்நார்கெலிங்: படகு பிடிக்கும்போது நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

மதுரைப் பக்கமிருந்து சொகுசுக் கப்பலுக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்டபோது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகம் தொட்டது. குமுளி வழியாகக் கொச்சிக்கு இறங்கி லட்சத்தீவுக் கப்பல் ஏறுகிறவர்கள் அதற்கு முன்பே உண்டு. சிங்கப்பூர் போய் அங்கிருந்து மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் என்று சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கப்பலானாலும் ஒருநாள் பகலில் ஏதாவது ஒரு கரையில் நிற்கும். "படகில் கூட்டிப்போய் பவளப்பாறை காட்டுகிறோம், மாஸ்க் போட்டு, மூச்சுவிடும் குழாயை வாயில் கடித்து மிதந்தபடியே மீன் பார்க்கலாம்" என்று ஒருவர் அட்டையை நீட்டுவார். அட்டையில் ஆமை படம் இருக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிப்பார்கள், நாம் விலையைக் கேட்போம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: நிஜமாகத் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருப்போம், அந்த நேரத்தில் நம்மை யார் பார்த்துக்கொள்வார்கள். விலை அதற்கப்புறம்.

மணிக்கணக்கு

காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கப்பலைக் கட்ட ஆழமான துறை இல்லாத இடங்களில் அது கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். லட்சத்தீவிலும், புக்கெட்டில் பட்டோங் கடற்கரைக்கு எதிரிலும் அப்படித்தான். அங்கிருந்து சின்னப் படகில் ஏற்றிக் கரையில் விடுவார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். கப்பல்காரர்களிடமே சுற்றுலா எடுத்தவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள். ஆகவே கரையில் கால் வைக்க ஒன்பதரை ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே எல்லாரும் உள்ளே இருந்தாக வேண்டும். திரும்பும்போதும் அதே வரிசை. மூன்று மணிக்காவது கரையில் இருந்தால்தான் பதறாமல் ஏறலாம். ஒன்பது மணி நேரம் ஐந்தரை ஆகிவிட்டது.

அந்த ஐந்தரையில் புக்கெட்டிலிருந்து பீ பீ தீவுக்குப் போவதென்றால், படகுத்துறை வரை வேன், பெயர்ப் பதிவு, லைஃப் ஜாக்கெட் மாட்டல், ஸ்பீடு போட்டில் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் சாப்பாடு. தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். திருகோணமலையில் நிலைமை வேறு. ஊரிலிருந்து நிலாவெளி 15 கி.மீ. போல, அங்கிருந்து புறாத்தீவு ஒரு கி.மீ. தூரத்துக் கடல்தான், படகு ஏறி உட்கார்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவு அது. கரையை ஒட்டியே பவளப்பாறை இருக்கிறது, கருநுனிச் சுறாக்குட்டிகள் ஆழமில்லாத தண்ணீரில் திரியும். ஒரே விலைக்கு இரண்டையும் வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்று சொல்லத் தேவையில்லை.

"ஒரே பயணத்தில் நாலு இடம்" என்பதும் நம்மை மயக்குகிற வாசகம். ஒவ்வொரு இடத்திலும் மாஸ்க் மாட்டி, காலில் ஃபின்ஸ் என்ற துடுப்புக் காலணி போட்டு, ஒவ்வொருவராக இறங்கி, திரும்ப ஒவ்வொருவராக ஏறி, தலையெண்ணி முடிக்கவே இருபது நிமிடம் போய்விடும். ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் விடுகிற படகே மேல்.

கடிகாரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரில் ஏறிய கப்பல் புக்கெட்டுக்கு வந்த பிறகும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்தங்கியது. கரையில் இறங்கியதும் உங்கள் செல்போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். போனில் 3:30 என்று பார்த்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் அப்போது 4:30. கப்பல் நேரம் எது என்று இறங்குமுன் கேட்டு, போனின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிடுங்கள், அல்லது ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். இலங்கைக்கும் லட்சத்தீவுக்கும் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் நம் நேரமே.

கப்பல்காரர் விற்கிற சுற்றுலாவா, வெளியே பிடிப்பதா என்ற கேள்விக்கு என் பதில் தூரத்தைப் பொறுத்தது. கப்பல் ஏற்பாடு செய்த படகு தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் பிடித்த படகென்றால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் பறக்க வேண்டியதுதான். நங்கூரம் போட்டு நிற்கும் ஊர், படகில் நெடுந்தூரம் என்றால் கூடுதல் காசு போனாலும் கப்பல் சுற்றுலாவே சரி. கப்பல் துறையில் கட்டி நிற்கிறது, இடமும் பக்கத்தில் என்றால் வெளியே பிடிக்கலாம், காசும் மிச்சம்.

எந்தக் காற்றுக்கு எந்தக் கடல்

இந்த விஷயத்தில் வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகத்தைவிடப் பாம்பன்காரர்கள் சொல்வது தெளிவாக இருக்கும். அங்கே பாலத்துக்கு ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று எழுந்தால் அப்படியே மாறும். படகுக்காரரிடம் "அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேட்டால், "எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்பார்.

இலங்கையும் அதே கணக்குதான். திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தண்ணீர் தெளிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கலங்கல், அலை. ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புக்கெட் பக்கமும் நவம்பர் முதல் ஏப்ரல்தான். அங்குள்ள சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைப்பார்கள். லட்சத்தீவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை போய் ஸ்நார்கெலிங் என்று நினைக்க வேண்டாம். பருவம் தப்பிய மாதத்திலும் டிக்கெட் விற்பவர்கள் உண்டு. படகுக்காரரும் "கொஞ்சம் அலை இருக்கும் சார், பரவால்ல" என்பார். கலங்கிய தண்ணீரில் உங்கள் கைவிரலைத் தவிர வேறெதுவும் தெரியாது.

முடிந்தவரை காலைப் பயணமாக எடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

கிணற்று நீச்சல்காரர்கள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்த ஆண்களிடம் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் சிரிப்பார்கள். "பத்து வயசுல பம்புசெட்டுக் கிணத்துல மேலேருந்து சொறுவுனவய்ங்க நாங்க." உண்மைதான். ஆனால் கிணற்றில் அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது, எந்தப் பக்கம் நாலு கை போட்டாலும் படி வந்துவிடும். கடலில் முகத்தைக் கவிழ்த்து மீனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர் தலையைத் தூக்கும்போது படகு நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அவர் அசையவே இல்லை, நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும். எதிர்த்து நீந்தினால் மூச்சு வாங்கும், குழாயில் மூச்சு வாங்கினால் பதற்றம் வரும். ஜாக்கெட் போட்டிருப்பவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சும்மா மிதக்கலாம்.

ஜாக்கெட்டிலும் வகை உண்டு. தடித்த ஆரஞ்சு ஜாக்கெட் உங்களை நிமிர்த்தி வைக்கும், முகம் கவிழ்க்கவே விடாது. அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். வாயால் ஊதிக் காற்றை ஏற்றி இறக்குகிற மெல்லிய ஸ்நார்கெலிங் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். நீச்சலே தெரியாதவர்களுக்குத் தடித்ததுதான், அத்தோடு கையில் பிடித்துக்கொள்ள ஒரு மிதவை வளையமும் அதை இழுத்துச் செல்ல ஓர் ஆளும் வேண்டும். எத்தனை பேருக்கு ஒரு ஆள் தண்ணீரில் கூட இறங்குவார் என்பதைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். படகில் நின்று கைகாட்டுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

யாரும் கேட்காத கேள்வி ஏணியைப் பற்றியது. இறங்குவது சுலபம், தொப்பென்று விழுந்துவிடலாம். ஈர உடம்போடு ஆடுகிற படகில் திரும்ப ஏறுவதுதான் கஷ்டம். முழங்கால் வலி உள்ள அம்மாவை இரண்டு பேர் அக்குளில் பிடித்துத் தூக்குவதும், அவர் படகு விளிம்பில் வயிறு தேய ஏறுவதும் பார்க்க நன்றாக இருக்காது. தண்ணீருக்குள் இரண்டு மூன்று படி இறங்குகிற ஏணி இருக்க வேண்டும். ஆள் ஏறும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். படகின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே கூரையும் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மீசை, எண்ணெய், துப்பட்டா

மாஸ்க் ஒழுகுகிறது என்று படகுக்காரரோடு சண்டை போடுகிற முக்கால்வாசிப் பேருக்கு மேலுதட்டில் நல்ல மீசை இருக்கும். சிலிக்கான் விளிம்பு தோலில் ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும், முடிமேல் ஒட்டாது. மதுரைக்காரனை மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம், அல்லது அந்த இடத்தில் வாசலின் தடவலாம். தலைக்கு எண்ணெய் வைத்து நெற்றியில் வழிந்தாலும் மாஸ்க் வழுக்கும், கண்ணாடியும் மங்கும். பெண்களின் முன்நெற்றிக் கற்றை முடி ஒன்று உள்ளே மாட்டினாலே ஒழுகல்தான்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் சரி. படகு புறப்படுமுன் கரையிலேயே இதைச் செய்ய வேண்டும், கடலுக்குள் போய் மாற்று மாஸ்க் கேட்டால் கிடைக்காது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஆமை ஒரு பச்சைக் கறையாகத்தான் தெரியும். ஊரிலேயே ஏதாவது நீச்சல் குளத்தில் இரண்டு நாள் குழாயைக் கடித்து மூச்சுவிட்டுப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உடை விஷயத்தில் சுடிதாரோடு இறங்குகிறவர்கள் நிறைய. பருத்தி தண்ணீரைக் குடித்து இழுக்கும், துப்பட்டா எதிலாவது சிக்கும். கை, கால் முழுக்க மூடுகிற நீச்சல் உடை இப்போது எல்லா அளவிலும் கிடைக்கிறது. வெயிலுக்கும் அதுதான் காப்பு. அதைப் போட்டால் சன்ஸ்கிரீன் முகத்துக்கு மட்டும் போதும். தாய்லாந்தில் 2021 முதல் கடல் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன் போன்ற சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை இருப்பதால் இது இன்னும் வசதி. தாலிச்சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதைக் கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு இறங்கலாம்.

கொடைக்கானல் மலை ஏறும்போது பிளாஸ்டிக் பை கேட்கிறவரா நீங்கள்? சின்னப் படகில் உங்களுக்குக் கட்டாயம் குமட்டும். கப்பலில் ஒன்றும் செய்யவில்லையே என்று நம்பாதீர்கள், அவ்வளவு பெரிய கப்பல் அசைவதே தெரியாது. குமட்டல் மாத்திரையைப் படகில் உட்கார்ந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை என்பதால் டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கப்பல் பஃபேயில் பொங்கலும் பூரியும் ஒரு கை பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இறங்கவே வேண்டாம்.

பேரம்

புதுமண்டபத்துக் கடைகளில் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்காது. பேசுங்கள், ஆனால் எதற்குப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள். நிலாவெளியில் பூங்கா நுழைவுச் சீட்டு தனி, படகு தனி, மாஸ்க்கும் ஃபின்ஸும் தனி வாடகை. கரையில் ஒருவர் சொல்கிற குறைந்த தொகை பெரும்பாலும் படகுக்கு மட்டும். எல்லாம் சேர்த்து ஒரு தொகை கேட்டு, அதில் பேரம் பேசி, திரும்பி வந்த பிறகு பாதிக் காசு என்று வையுங்கள். போகும்போதே முழுக் காசும் வாங்கியவருக்கு உங்கள் கப்பல் நேரத்தைப் பற்றி என்ன கவலை? ஜாக்கெட், கூட இறங்கும் ஆள் இரண்டிலும் மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். பயணக் காப்பீட்டில் நீர் விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இருக்கும் பவளப்பாறைப் படம் எந்த வருடத்தது என்று யாரும் போடுவதில்லை. கடல் சூடேறும்போது பவளம் வெளுத்துப்போகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என்று திரும்பத் திரும்ப வெளுத்திருக்கிறது. ஆகவே சமீபத்தில் போனவர்கள் எடுத்த மங்கலான செல்போன் படங்களைத் தேடிப் பாருங்கள், அவைதான் நிஜம். மிச்சம் இருப்பதன்மேல் ஏறி நிற்காதீர்கள். களைத்தால் மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள். பவளம் காலைக் கிழிக்கும், அந்தக் காயம் லேசில் ஆறாது. ஒரு துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பட்டியலிடப்பட்ட உயிரினம், செத்து வெளுத்த துண்டும் அதில் அடங்கும். துறைமுகத்தில் பையைச் சோதிக்கும்போது "கரையில கிடந்துச்சு சார்" என்பது எடுபடாது.