ஏற்காடு வளைவிலும் உரசாத வீல்: காருக்குப் பொருந்தும் அலாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலத்துக் கார் என்றால் என்றைக்காவது ஏற்காடு ஏறத்தான் போகிறது. அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து, உள்ளே ஐந்து பேரும் டிக்கியில் பைகளும் இருக்கும்போது டயர் எங்கேயும் உரசக் கூடாது. கடை வாசலில் காலி வண்டியில் மாட்டிப் பார்த்து "அழகா இருக்கு" என்று கிளம்புவது போதாது. புதிதாக அலாய் (அலுமினியக் கலவை) வீல் மாற்றுகிறவர்களுக்காக ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இப்போது இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14 அல்லது 185/65 ஆர்15 என்று பார்த்திருப்பீர்கள். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

போல்ட் வட்டம் (பிசிடி)

போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. ஸ்விஃப்ட்டுக்கு 4×100 (நான்கு துளை, வட்டம் 100 மி.மீ.), கிரெட்டாவுக்கு 5×114.3. நான்கு துளை என்றால் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் முடிந்தது. ஐந்து துளைக்கு எதிர்த்துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள்.

இங்கே 'கிட்டத்தட்ட' என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஃபியட் வண்டிகளின் 4×98 வீல், 4×100 ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் அச்சுத் தலை) உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஆனால் நட்டு சாய்ந்து இறுகும், ஓட ஓடத் தளரும். பழைய வீல் வாங்குகிறவர்கள் அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நடுத்துளை

வீலின் நடுவே ஹப் நுழையும் துளை இது. ஸ்விஃப்ட் ஹப்புக்கு 54.1 மில்லிமீட்டர். வெளிக்கடை அலாய்களில் பல வண்டிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கேளுங்கள். ரிங் இல்லாமல் வீல் மையம் விலகி உட்கார்ந்தால் பைபாஸில் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. அலுமினிய ரிங்கே வாங்குங்கள். மலை இறங்கும்போது பிரேக் சூடு ஹப்புக்கும் ஏறும்.

ஆஃப்செட்: பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்

ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். ரிம்மில் ஈடி 45, ஈடி 38 என்று பொறித்திருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போடுவோம். பழையது 5.5ஜே (ரிம் அகலம் 5.5 அங்குலம்), ஈடி 45. புதியது 6.5ஜே, ஈடி 38. அகலம் ஒரு அங்குலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளரும். ஆஃப்செட் 7 குறைந்ததால் மொத்த வீலும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிவிளிம்பு சுமார் 20 மி.மீ. வெளியே, உள்விளிம்பு சுமார் 6 மி.மீ. உள்ளே. வெளியே மட்கார்டு விளிம்புக்கும், உள்ளே ஷாக் அப்சார்பருக்கும் அவ்வளவு இடம் இருக்கிறதா? பழைய வீல் மாட்டியிருக்கும்போதே அளந்துவிடுங்கள். வீல் வெளியே தள்ளினால் பேரிங்குக்கும் சுமை கூடும், ஸ்டியரிங் இழுப்பும் மாறும். ஸ்பேசர் போட்டுச் சரிக்கட்டும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். சரியான ஆஃப்செட்டில் வேறு டிசைன் தேடுவதே மேல்.

டயரின் மொத்த உயரம்

165/80 ஆர்14-இன் முழு விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5, 195/55 ஆர்16 போட்டால் 620.9. மூன்றும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 205/55 ஆர்16 போட்டால் 631.9. அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால் வளைவில் உரச வாய்ப்பு அதிகம், ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

அப்புறம் டயரின் பாரக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. வண்டிக்குச் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். என்னைக் கேட்டால் ஸ்விஃப்ட்டுக்கு 15 அங்குலமே போதும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் பள்ளத்தில் விழும்போது ரிம் அடி வாங்காது.

நட்டு

மாருதிக்கு எம்12×1.25 (12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25 மி.மீ.), ஹூண்டாய்க்கு எம்12×1.5. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி மாட்டிக்கொள்ளும், மரை போய்விடும். ரிம்மில் நட்டு உட்காரும் குழி கூம்பாக இருந்தால் கூம்பு நட்டு, உருண்டையாக இருந்தால் உருண்டை நட்டு. எம்12×1.25 நட்டு கையால் எட்டு சுற்றாவது ஏற வேண்டும். ஸ்டெப்னி இரும்பு ரிம் என்றால் பழைய நட்டுகளை டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

மாட்டிப் பார்ப்பது

டயரை ரிம்மில் ஏற்றிவிட்டால் பல கடைகளில் திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால் முதலில் வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். பிரேக் காலிப்பரில் தட்டாமல் கையால் சுழல்கிறதா பாருங்கள். சரி என்றால் டயரேற்றி, நட்டுகளைக் கையால் தொடங்கி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சோதியுங்கள். அதன் பிறகு ஏற்காடு போகலாம். முதல் சில வளைவுகளில் கண்ணாடியை இறக்கி, காது கொடுத்துக் கேளுங்கள். மேலே போனதும் வீல் ஆர்ச்சின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகத் தேய்ந்த பளபளப்பு தெரிந்தால் மட்கார்டை வளைக்கச் சம்மதிக்காதீர்கள். டயர் அகலத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்செட்டை மாற்ற வேண்டும்.