ஏற்காடு ஏற்றத்தில் மிஸ் ஆகும் பெட்ரோல் பிக்கப்: இக்னிஷன் காயிலை வீட்டிலேயே மாற்றும் முறை

சேலம் லீ பஜாரில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அஸ்தம்பட்டி வழியாக மலைக்குக் கிளம்பும் சின்ன பிக்கப், சமதளத்தில் ஒரு குறையும் காட்டாது. அடிவாரம் தாண்டி இரண்டாவது கியரில் மிதித்ததும் இன்ஜின் திக்கும். இழுவை குறையும், வண்டி குலுங்கும், டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பெட்ரோல் வண்டியில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை சிலிண்டருக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும். இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றலாம், புதிதாகக் கற்பவரும் செய்யலாம். ஆனால் எந்தக் காயில் கெட்டது என்று உறுதி செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி எது என்று பாருங்கள். டீசல் இன்ஜினில் பிளக்கும் இல்லை, இக்னிஷன் காயிலும் இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பொலிரோ பிக்கப், தோஸ்த் போன்றவை பெரும்பாலும் டீசல்தான். டாடா ஏஸ் கோல்டில் பெட்ரோல், சிஎன்ஜி வகைகள் உண்டு. மாருதி சூப்பர் கேரியும் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் வருகிறது. இந்தப் பதிவு அப்படிப்பட்ட வண்டிகளுக்கு.

ஏன் மலையில் மட்டும் மிஸ் ஆகிறது?

காயில் என்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000, 30,000 வோல்ட் என்று உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி விழுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அந்த இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாரத்தோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தபடிதான் ஏற வேண்டும். சிலிண்டருக்குள் நிறையக் காற்று போய் அழுத்தம் கூடுகிறது. ஐட்லிங்கில் சமாளித்த பலவீனமான காயில் அங்கே கைவிட்டுவிடுகிறது. சிஎன்ஜிக்குப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும் என்பதால், கேஸில் மிஸ் ஆகும் வண்டி பெட்ரோலுக்கு மாற்றியதும் ஒழுங்காக ஓடுவதும் உண்டு. அதுவும் காயில் அல்லது பிளக் தேய்ந்ததற்கான அடையாளம்.

மேலே பனியும் மழையும் இன்னொரு காரணம். காயிலின் ரப்பர் பூட்டில் (பிளக்கின் தலையை மூடும் உறை, boot) மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் இறங்கி, மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் இன்ஜின் உடம்புக்கே தாவிவிடும்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் மலை ஏற வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு எத்தனையோ காயில் வாங்கலாம்.

எந்தக் காயில் என்று கண்டுபிடிப்பது

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும், போனோடு ப்ளூடூத்தில் சேரும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, சாவியைத் திருப்பி கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாது. பி0351 முதல் பி0354 வரை வந்தால், அந்தந்தக் காயிலின் மின்சுற்றிலேயே கோளாறு. காயிலோடு அதன் கப்ளரையும் (வயரைக் காயிலோடு சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) வயரையும் சேர்த்துப் பாருங்கள்.

மிஸ் கோடு மட்டும் வைத்து காயில் வாங்கக் கூடாது. அந்தச் சிலிண்டரில் பிளக், இன்ஜெக்டர், வால்வு எதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில் என்று பிளக்கின் தலையிலேயே உட்காரும் வகை என்றால், இடம் மாற்றிப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை. உதாரணமாக பி0302 வந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டாம் சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டரிலும், முதலாவதை இரண்டாவதிலும் போடுங்கள். கோடை அழித்துவிட்டு மிஸ் ஆகும்வரை ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது. அந்தக் காயில்தான் குற்றவாளி. பி0302தான் மறுபடியும் வந்தால் காயில் நல்லது. பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சில இன்ஜின்களில் இரண்டு பிளக்குக்கு ஒரே காயிலாக இருக்கும், அதிலிருந்து பிளக்குக்கு அதிக வோல்ட் கொண்டுபோகும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) வயர் போகும். நாலு சிலிண்டரில் 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. ஜோடியாக இரண்டு கோடும் சேர்ந்து வந்தால் காயிலைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் வந்தால் வயரும் பிளக்கும் முதலில். இந்த வகையில் இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், கசியும் வயரில் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும். கை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள்.

தேவையானவை

ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், 10ஆம் நம்பர் சாக்கெட், உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16, சில வண்டிக்கு 14 அல்லது 21). இருந்தால் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்). மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். சைக்கிள் பம்ப் அல்லது பஞ்சர் கடைக் காற்று. பழைய காயிலில் அச்சடித்த பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் காயில்களில் கப்ளரின் பின் எண்ணிக்கை வேறாக இருக்கும். விலை குறைந்த டூப்ளிகேட்டை இந்த ஒரு சாமானில் மட்டும் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மலைப்பாதையில் பாரத்தோடு நிற்கும் வண்டி பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறட்டும். தலைப்பகுதி அலுமினியம், சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை உரிந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சிஎன்ஜி வண்டியானால் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது காயிலை உருவிப் பார்க்கும் பழைய வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதில் வாங்கும் மின்சார அடி உயிருக்கே ஆபத்து, வண்டியின் கம்ப்யூட்டரும் போகும். செய்யாதீர்கள்.

சூப்பர் கேரி, ஏஸ் போன்ற வண்டிகளில் இன்ஜின் கேபினில் சீட்டுக்கு அடியில் இருக்கும்; சீட்டைத் தூக்கினால் வழி கிடைக்கும். காயிலைச் சுற்றி மண்ணும் தூசியும் அப்பியிருக்கும். கை வைப்பதற்கு முன் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். காயில் போன பிறகு அந்த ஓட்டைக்குள் விழும் மணல், பிளக்கைக் கழற்றியதும் நேராக சிலிண்டருக்குள் போய் அதன் சுவரைக் கீறும்.

கப்ளரின் நாக்கை அழுத்திக்கொண்டு, வயரைப் பிடிக்காமல் கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். பழைய பிளாஸ்டிக் மொறமொறவென்று இருக்கும், பொறுமை வேண்டும். 10ஆம் நம்பர் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாக லேசாகத் திருகி, ஒட்டு விட்டதும் நேராக மேலே உருவுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்தால் எதுவும் இடம் மாறாது.

உருவியதும் அதைப் படியுங்கள். ரப்பரில் சாம்பல் நிறத்தில் கோடு ஓடியிருந்தால் மின்சாரம் கசிந்த தடம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கறுப்புக் கோடு இருந்தாலும் அதேதான். ரப்பர் பூட் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தால் வால்வு கவரின் பிளக் குழி சீல் போயிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

மாட்டுவது

பிளக்கைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், ஒவ்வொரு பொறிக்கும் காயிலிடமிருந்து அதிக வோல்ட் கேட்கும். நாலு கிலோவுக்குப் பழகிய தோளில் பத்து கிலோ ஏற்றியதுபோல் காயில் சீக்கிரம் களைத்துவிடும். காயில்கள் சாவதற்கு இது மிகப் பெரிய காரணம். அதனால் கெட்ட காயிலை மட்டும் மாற்றுங்கள், ஆனால் தேய்ந்திருந்தால் பிளக்கை முழு செட்டாக மாற்றுங்கள். இடைவெளி அளவு வண்டி மேனுவலில் இருக்கும். இரிடியம் பிளக்கின் நடு முனையை நெம்பாதீர்கள், உடையும்.

புது பிளக்கை கையாலேயே சுற்றி உட்காரவிடுங்கள். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகிச் சுற்றினால், மரை கோணலாக ஏறும்போது டியூப் வழுக்கி உங்களைக் காப்பாற்றும். கையால் உட்கார்ந்த பிறகே ராட்செட். வாஷர் வைத்த 14 மில்லி பிளக்குக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்று, அதற்குச் சற்று மேல். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு.

காயில் பூட்டின் உள்விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங்கில் அப்ப வேண்டாம். நேராக இறக்கி அழுத்தினால் பிளக்கைக் கவ்வுவது கைக்குத் தெரியும். போல்ட் சின்னது, சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். கப்ளர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பேட்டரி.

ஓட்டிப் பார்ப்பது

ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பேட்டரி கழற்றியதால் முதலில் ஆர்பிஎம் சற்று ஏறி இறங்கலாம். தானாக நிலைக்கு வரும். ஸ்கேனரில் பழைய கோடை அழியுங்கள். ஊருக்குள் ஓட்டி 'சரியாகிவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். வழக்கமான பாரத்தோடு அடிவாரத்திலிருந்து சில வளைவுகள் ஏறி, இடம் அகலமான ஓரத்தில் நிறுத்தி மறுபடி கோடு பாருங்கள். அங்கே திக்காமல் இழுத்தால்தான் வேலை முடிந்தது.

காயில், பிளக், கப்ளர் எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் அதே சிலிண்டர் மிஸ் ஆனால், இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து திக்கினால் பெட்ரோல் பம்ப் அழுத்தமும் ஃபில்டரும். அதற்கு அழுத்தம் அளக்கும் கேஜ் வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது இதுவரை இடம் மாற்றிப் பார்த்த விவரத்தையும் கோடுகளையும் எழுதிக் கொடுங்கள். அவர் மறுபடி காயிலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.