அமைச்சரவை மாற்றமா? ஒரு தாளை மூன்றாக மடியுங்கள்

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் நான். டெல்லியில் கூட்டணி ஆட்சி நடக்கும்போது 'அமைச்சரவை மாற்றம்' என்று டிவியில் பட்டை ஓடினால், பெயர்களைத் துரத்தாதீர்கள். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். முதல் கட்டத்தில் இலாகா, நடுவில் கட்சி, கடைசியில் ஆள். ஆள் பெயரை மட்டும் பென்சிலில் எழுதுங்கள்.

ரயில்வேயை வைத்தே பழகலாம். 2009-இல் மன்மோகன் சிங் அரசில் அது 19 எம்.பி.க்கள் வைத்திருந்த மேற்கு வங்கக் கட்சியான திரிணாமுல் காங்கிரஸுக்குப் போனது; கட்சித் தலைவி மம்தா பானர்ஜியே ரயில்வே அமைச்சர். 2011 மே மாதம் மம்தா முதல்வராகிக் கொல்கத்தா போய்விட்டார். இலாகா பெயரளவில் பிரதமரிடம். இணையமைச்சர் திரிணாமுலின் முகுல் ராய். ஜூலையில் அசாமில் ரயில் விபத்து. அங்கே போகும்படி பிரதமர் சொல்லியும் ராய் போகவில்லை. இரண்டே நாளில் தினேஷ் திரிவேதி ரயில்வே அமைச்சரானார். பிரதமர் கை ஓங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நடுக்கட்டத்தைப் பாருங்கள்: அவரும் திரிணாமுல்தான்.

அப்புறம் 2012 மார்ச் 14. திரிவேதி ரயில்வே பட்ஜெட்டில் கிலோமீட்டருக்கு 2 பைசா முதல் 30 பைசா வரை கட்டணத்தைக் கூட்டினார். பிரதமர் பாராட்டினார். மம்தாவோ ஆளையே மாற்றச் சொன்னார். 18-ஆம் தேதி ராஜினாமா. 20-ஆம் தேதி பதவியேற்றது யார்? அதே முகுல் ராய்! இரண்டு நாளில் சாதாரண வகுப்புகளின் கட்டண உயர்வும் வாபஸ். நடுக்கட்டம் மாறியது, செப்டம்பரில் திரிணாமுல் கூட்டணியை விட்டே வெளியேறிய பிறகுதான். அக்டோபர் மாற்றத்தில் காங்கிரஸின் பவன் குமார் பன்சால் வந்தார்.

ராஷ்டிரபதி பவன் அறிக்கையில் எப்போதும் 'பிரதமரின் ஆலோசனைப்படி' என்று இருக்கும். அரசியல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அப்படி. அந்த ஆலோசனை பிரதமருக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

அமைச்சர்களின் எண்ணிக்கையும் பாருங்கள். அரசியல் சட்டத்தின் 91-ஆவது திருத்தப்படி, பிரதமரையும் சேர்த்து மக்களவை பலத்தில் 15 சதவீதம்தான். 543-க்கு 81 பேர். ஒருவரைச் சமாதானப்படுத்த நாற்காலி போட்டுக்கொண்டே போக முடியாது.

காலி நாற்காலிக்கும் கட்சி உண்டு. ஆ. ராசா 2010-இலும் தயாநிதி மாறன் 2011-இலும் விலகிய பிறகு அந்த இரண்டு கேபினட் இடங்களுக்கும் திமுக வேறு ஆளைத் தரவில்லை. 2013 மார்ச்சில் கட்சியே வெளியேறியது.

பென்சில் எதற்கென்று கேட்பீர்கள். 2009 மே 22 பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்பே திமுக அமைச்சர்கள் இன்னார்தான் என்று பேனாவால் எழுதி, படங்களையும் எடுத்து வைத்திருந்தேன். எத்தனை இடம் என்பதில் இழுபறி. அன்று திமுகவில் ஒருவரும் பதவியேற்கவில்லை. 28-ஆம் தேதி வரை அந்தப் படங்கள் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன.