எம்எஸ்ஸா இருக்குமோன்னு அலையறப்போ கூட நிக்கிற நியூரோ டாக்டரை எப்படி கண்டுபிடிக்கிறது

கை மதமதன்னு இருக்கு, தலைய குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது, ஒரு கண்ணு மட்டும் மங்கிப்போய் அசைச்சாலே வலிக்குது, ரெண்டு மூணு வாரத்துல அதுவா சரியாயிடுது, டாக்டர்ட்ட போனா "டென்ஷன்தான், நல்லா தூங்குங்க"ன்னு அனுப்பிடறாங்க. எம்எஸ்னா மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பு மேல இருக்கிற உறையை தாக்கற வியாதி, அதுவா இருக்குமோன்னு இப்படி மாட்டிக்கிட்டு இருக்கவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், நானும் ஒன்றரை வருஷம் இப்படித்தான் அலைஞ்சேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. நமக்கு துணையா இருக்கிற டாக்டர்னா உடனே "ஆமா எம்எஸ்தான்"னு ஒத்துக்கிறவர் இல்ல. எம்எஸ்ஸை ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு சொல்ல முடியாது. 2001ல வந்த மெக்டொனால்ட் விதிமுறைகள்னு ஒண்ணு இருக்கு, 2017லயும் 2024லயும்கூட திருத்தினாங்க, அதைத்தான் டாக்டருங்க பாக்கறாங்க. மூளை, தண்டுவடம்னு வேற வேற இடத்துல பாதிப்பு இருக்கா, அது வேற வேற நேரத்துல வந்திருக்கா, இதுக்கு வேற வியாதி எதுவும் காரணமா இருக்குமா, இந்த மூணும் முக்கியம். கடைசி கேள்வியை நல்லா தோண்டுறவர்தான் நல்ல டாக்டர். பி12 குறைஞ்சாலும் மதமதப்பு வரும், மைக்ரேன் இருக்கவங்களுக்கும் எம்ஆர்ஐல வெள்ளைப் புள்ளி தெரியும், எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற லூபஸ் இருக்கு, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கற, எம்எஸ் மாதிரியே தெரியற என்எம்ஓ இருக்கு. எம்எஸ்க்கு குடுக்கிற சில மருந்து என்எம்ஓவை இன்னும் மோசமாக்கிடும், அதனால அவசரப்பட்டு பேர் வைக்கிறதும் ஆபத்துதான்.

சரி, எங்க தேடறது? நியூரோன்னாலே எல்லாரும் எம்எஸ் பாக்கறவங்கன்னு நெனைக்காதீங்க, நிறைய பேருக்கு பக்கவாதம், வலிப்பு, தலைவலி கேஸ்தான் ஜாஸ்தி. போன் பண்றப்பவே "டாக்டர் எம்எஸ் பேஷன்ட்ஸ ரெகுலரா பாக்கறாங்களா, டிமைலினேஷன் கிளினிக் இருக்கா"ன்னு கேட்டுடுங்க, டிமைலினேஷன்னா நரம்பு உறை சிதையறது. நியூரோஇம்யூனாலஜின்னு, அதாவது எதிர்ப்பு சக்தியால வர்ற நரம்பு வியாதிங்களை பாக்கிற பிரிவுன்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. கண்ணுல ஆரம்பிச்சவங்க நியூரோ ஆப்தல்மாலஜி, அதாவது கண் நரம்பு பிரச்சனை பாக்கிற கண் டாக்டர்கிட்டயும் கேளுங்க, இந்த விஷயத்துல யார் நல்லா பாப்பாங்கன்னு அவங்களுக்கு தெரியும். எம்எஸ் இருக்கவங்ககிட்ட விசாரிச்சா "நல்ல டாக்டரா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, "புதுசா ஏதாவது வந்தா எத்தனை நாள்ல பாக்க முடிஞ்சுது, ஸ்கேனை உங்களுக்கு காட்டி விளக்கினாரா"ன்னு கேளுங்க, அப்பதான் உருப்படியான பதில் வரும்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதி வச்சுக்கோங்க, இதுதான் நான் செஞ்சதுலயே உபயோகமான வேலை. என்ன வந்துச்சு, எந்த தேதி ஆரம்பிச்சுது, எத்தனை நாள் இருந்துச்சு, எது வரைக்கும் பரவுச்சு, அதனால என்ன செய்ய முடியாம போச்சு. நாள் கணக்கு ஏன் முக்கியம்னா, காய்ச்சலோ இன்ஃபெக்ஷனோ இல்லாதப்ப குறைஞ்சது 24 மணி நேரமாவது நீடிச்சாத்தான் பொதுவா அதை ஒரு அட்டாக்னு எடுத்துப்பாங்க. "உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்"னு சொன்னேன், ஒருத்தரும் நிமிர்ந்துகூட பாக்கல. "இடது கால் தொடை வரைக்கும் 12 நாள் மதமதப்பு, நடக்கறப்போ செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல"ன்னு எழுதிட்டுப் போனேன், பேனாவ கீழ வச்சுட்டு கேட்டாரு. சுடுதண்ணில குளிச்சா அதிகமாகுதா, அதையும் எழுதுங்க. யூரின் அடக்க முடியலன்னாலோ வரவே மாட்டேங்குதுன்னாலோ கூச்சப்படாம சொல்லுங்க, தண்டுவடத்துல பாதிப்பு இருக்கான்னு யோசிக்க அது பெரிய துப்பு.

ஸ்கேன் ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்கள் இருக்கிற சிடியையும் எடுத்துட்டுப் போங்க. மூளை மட்டும் எடுத்தாங்களா, கழுத்து தண்டுவடமும் எடுத்தாங்களா, கான்ட்ராஸ்ட் (புதுசா வந்த பாதிப்பு பளிச்சுன்னு தெரியறதுக்காக ஊசியில ஏத்தற மருந்து) போட்டாங்களான்னு பாத்து வச்சுக்கோங்க. ஸ்கேனுக்கு முன்னாடி ஸ்டீராய்டு போட்டிருந்தா கண்டிப்பா சொல்லணும், கான்ட்ராஸ்ட்ல தெரிய வேண்டியது தெரியாம போகலாம். முடிஞ்சா வீட்ல யாரையாவது கூட்டிட்டுப் போங்க, நமக்கு பதட்டத்துல பாதி காதுல விழாது.

உள்ள போனதும் கவனிங்க. நடக்கச் சொல்றாரா, முட்டியில தட்டிப் பாக்கறாரா, பாதத்துல கீறிப் பாக்கறாரா, படத்தை அவரே ஓட்டிப் பாக்கறாரா. அப்புறம் நீங்க கேளுங்க: இதுவரைக்கும் எதெல்லாம் இல்லன்னு ஆச்சு, இன்னும் எது மேல சந்தேகம், முதுகுல நீர் எடுத்துப் பாத்தா என் விஷயத்துல ஏதாவது தெளிவாகுமா, அடுத்த எம்ஆர்ஐ எப்போ, நடுவுல புதுசா ஏதாவது வந்தா யாரை கூப்பிடணும். முதுகு நீர் டெஸ்ட்ட பத்தி கேக்கறது வீண் இல்ல, அதுல ஆலிகோக்லோனல் பேண்ட்ஸ் (எதிர்ப்பு சக்தி புரதங்களோட அடையாளக் கோடுகள்) வந்தா சில பேருக்கு அடுத்த அட்டாக் வர்ற வரைக்கும் காத்திருக்காமலே முடிவுக்கு வர முடியும்.

"இப்போ எம்எஸ்னு சொல்ல மாட்டேன், ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுக்கலாம்"னு ஒரு டாக்டர் சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, இவரும் நம்பலன்னு நெனைச்சேன். ஆனா அவர் படத்துல இருந்த ஒத்தப் புள்ளிய காட்டி, இது ஏன் பத்தாதுன்னு சொன்னாரு, தேதி குறிச்சு குடுத்தாரு, ஒரு நாளுக்கு மேல புதுசா ஏதாவது இருந்தா உடனே கூப்பிடுங்கன்னாரு. அதுவரைக்கும் பாத்த யாரும் இதுல ஒண்ணுகூட செய்யல. அவர்கிட்டதான் இன்னிக்கும் போயிட்டு இருக்கேன்.

மாத்த வேண்டிய டாக்டர் யாருன்னா, "மூளை ஸ்கேன் நார்மல், ஒண்ணுமில்ல, போங்க"ன்னு முடிச்சுடறவர். ஸ்கேன் நார்மலா இருந்தா எம்எஸ்ஸா இருக்க வாய்ப்பு ரொம்பவே குறையும், அது உண்மைதான், ஆனா நம்ம கால் மரத்துப் போறது நிக்கலையே, அதுக்கு காரணம் தேடணும்ல. அப்படி ஆனா எல்லா ரிப்போர்ட்டுக்கும் காப்பி வாங்கிட்டு வேற ஒருத்தர்கிட்ட போங்க, பழைய டாக்டரை பத்தி புலம்பறதுல நேரத்தை விடாம அந்த ஒரு பக்கத்தை நீட்டுங்க. ஆனா ரெண்டு மூணு பேர் நல்லா பாத்து, காரணமும் சொல்லி, எம்எஸ் இல்லன்னா அதையும் காது குடுத்து கேளுங்க, வேற எதுவோ வைத்தியத்துக்காக காத்துட்டு இருக்கலாம்.

இதுக்கெல்லாம் நடுவுல திடீர்னு பார்வை போச்சு, கால் பலம் இழந்து நிக்க முடியல, யூரின் சுத்தமா வரலன்னா அப்பாயின்ட்மென்ட் தேதியெல்லாம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க, அந்த ஒரு பக்க பேப்பரையும் கையோட எடுத்துக்கிட்டு.