மழைக்கு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய மின்தவறுகள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் பல வீடுகளில் ஒரே முறைப்பாடுதான்: "ட்ரிப் சுவிட்ச் நிக்குதே இல்ல." வெளியே மழை கொட்டுகிறது, வீடு இருட்டு, விடிந்தால் பிள்ளைக்குப் பரீட்சை. வேலை தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேரே கொடுத்துவிடுகிறார். லைட் எரிகிறது. மழை விட்டதும் சரிசெய்யலாம் என்று நினைத்தது அப்படியே வருடக்கணக்கில் கிடக்கிறது.

மலையக வீடுகளில் நடக்கும் மின்தவறுகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். தம்பி நல்ல மனதோடு உதவி செய்தார், வீட்டாருக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் ஆளைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை.

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை ஒன்றுதான். லைவ் வயரில் உள்ளே போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கோ ஈரச் சுவர் வழியாகவோ ஒருவரின் உடம்பு வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போனால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தொட்டால் 0.3 செக்கனுக்குள் அது விழவேண்டும். ஒரு ஆளின் இதயத்தை நிறுத்த பெரிய கரண்ட் தேவையில்லை என்பதால்தான் இவ்வளவு சின்ன அளவு. உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் முகப்பில் 0.03 அல்லது 30 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று இருந்தால் அது ஆளுக்கான காவல் இல்லை, மாற்ற வேண்டும்.

"எம்சிபி (ஒரு லைனில் சுமை கூடினால் விழும் சின்ன சுவிட்ச்) இருக்கிறதே, அது விழாதா?" என்று கேட்பார்கள். விழாது. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் என்பது வீட்டுக்காரரே தன் முற்றத்தில் அடிக்கும் கம்பிதான். கேத்தலின் உடம்பில் லைவ் வயர் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் தடை 50 ஓம் இருந்தால், 230 வோல்ட்டுக்கு அதன் வழியே ஓடக்கூடியது 4.6 அம்பியர். 16 அம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கேத்தலில் கரண்ட் அப்படியே நிற்கும், அடுத்துத் தொடுகிறவர் வரும்வரை. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச்.

சரி, விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? எல்லா எம்சிபிகளையும் கீழே போட்டுவிட்டு ட்ரிப் சுவிட்சை மேலே போடுங்கள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் உள்ள ப்ளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தால் சாமானா வயரிங்கா என்பதும் தெரிந்துவிடும். வெளி லைட் ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருப்பது, குசினிச் சுவரில் ஓதம் ஏறியிருப்பது, ஹீட்டர் கொயிலில் கரண்ட் ஒழுகுவது, அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். அந்த ஒரு எம்சிபியை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்ற லைட்டில் இரவைக் கழிக்கலாம், பிள்ளையும் படிக்கலாம். எல்லா எம்சிபியும் கீழே இருந்தும் ட்ரிப் நிற்கவில்லை என்றால், நியூட்ரல் வயர் எங்கோ ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சாதாரண எம்சிபி லைவை மட்டுமே வெட்டும், நியூட்ரலை வெட்டாது. அதற்கு வயரிங் பாஸ் வந்துதான் ஆகவேண்டும்.

ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது செத்த சுவிட்ச். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பட்டனை அழுத்த விழுகிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

பாறை மண்ணில் எர்த்

மலையில் எர்த் அடிப்பது லேசான வேலை இல்லை. இரண்டடி போனதும் கல் தட்டும். மிச்சக் கம்பியை வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள், வெளியே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும். முழுக் கம்பியும் போகாத இடத்தில் இடத்தை மாற்றுங்கள். பீலித்தண்ணி ஓடும் பக்கமோ வாழைப் பாத்திப் பக்கமோ, எப்போதும் ஈரமாக இருக்கும் தாழ்ந்த இடம் நல்லது. ஒன்று போதாவிட்டால் இரண்டு மூன்று கம்பிகளை அடித்து இணைக்கலாம், ஆனால் ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு கம்பியின் நீளம் தள்ளி இருக்கவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பிரயோசனம் குறைவு. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டாமல் அதற்கென்று உள்ள கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் மண் காயும்போது எர்த் தடை கூடிவிடும், ஆகவே அளந்து பார்ப்பதாக இருந்தால் அந்தக் காய்ந்த காலத்தில் அளப்பதுதான் நியாயம்.

பழைய லயங்களில் இன்னொரு பழக்கம் இருந்தது, எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது. பிறகு குழாயெல்லாம் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. வயர் இன்னும் அந்த மூன்றடி இரும்புத் துண்டில்தான் கட்டியிருக்கிறது, அப்புறம் மண்ணுக்குப் போக வழியில்லை. பழைய வீட்டில் இருப்பவர்கள் இதை ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.

குளிரும் ஹீட்டரும்

நுவரெலியா, ராகலை, கந்தப்பளைக் குளிரில் சுடுதண்ணீர் ஆடம்பரமில்லை. ஆனால் குளிக்கும் ஷவர் ஹீட்டர் ஒன்று 4.5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 20 அம்பியர் இழுக்கும், 5.5 என்றால் 24. அதை 13 அம்பியர் ப்ளக்கில் மாட்டக்கூடாது. எம்சிபிகள் இருக்கும் பலகையிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, குளியலறைக்கு வெளியே தனி சுவிட்ச் வேண்டும். கடையில் வயர் கேட்கும்போது நம் பாஸ்மார் சொல்லும் கணக்கு இது (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒவ்வோர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில்): லைட்டுக்கு 1/1.13, ப்ளக்குக்கு 7/0.67, ஹீட்டருக்கு 7/0.85 அல்லது 7/1.04. பிந்தைய இரண்டும் 4, 6 சதுர மில்லிமீற்றர் வயர்கள். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை இல்லாத வயரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், சுவருக்குள் புதைக்காதீர்கள்.

வீட்டு இணைப்பு வழக்கமான 30 அம்பியர் என்றால் மொத்தமாக எடுக்கக்கூடியது 6.9 கிலோவாட். 5.5 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் குளிக்கும்போது குசினியில் 2 கிலோவாட் கேத்தலைப் போட்டாலே அதைத் தாண்டிவிடும். இப்படி ஒரு லைனில் சுமை கூடி எம்சிபி விழுந்தால், 16 அம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போடுவார்கள். வயர் அதே பழைய வயர்தான். இனி எம்சிபி விழாது, சுவருக்குள் வயர் சூடாகும். பழைய பியூஸ் பலகையில் பியூஸ் கம்பிக்குப் பதிலாக வயரிலிருந்து உரித்த செம்பு இழையைச் சுற்றுவதும் இதே தவறுதான்.

வாளியில் போடும் கொயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரைப் பறிக்கும், அதுவும் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று. சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் தொடவேண்டும். தகர வாளி வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொயிலே வேண்டாம் என்பது என் முடிவு. விறகடுப்பில் வைக்கும் அண்டா எவ்வளவோ மேல்.

கொழுந்துக்குப் போய் நனைந்து வந்த உடுப்பை அறை ஹீட்டருக்கு மேலே விரித்துக் காயவைப்பதும் கூடாது.

ஒரே கூரையின் கீழ்

லயத்தில் தீப்பிடித்தது என்ற செய்தி வந்தால் மின்னொழுக்கு என்ற சொல்லும் பெரும்பாலும் கூடவே வருகிறது. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஏன் முழு லயத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது? பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரைவரை போவதில்லை. மேலே மரமும் ரீப்பையும் நெடுகத் தொடர்கின்றன, அதற்குள் புகைக்கரி படிந்து, எலி கடித்த வயர்கள் கிடக்கின்றன. வீடு போதாமல் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை, பின்னால் தகரம் போட்டு ஒரு குசினி என்று கூட்டும்போதெல்லாம் பழைய ஒரு ப்ளக்கிலிருந்தே வயர் நீண்டுகொண்டு போகிறது. டேப் சுற்றிய இணைப்புகள் நம் ஈரத்துக்குச் சில வருடம்கூடத் தாங்காது, பசை விட்டுவிடும். இணைப்பு என்றால் கனெக்டர் போட்டு மூடிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் கோட் சுவரில் ஆணியடித்து நிரந்தரமாக வைக்கும் சாமான் அல்ல. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து வாழும் குடும்பங்களின் கஷ்டம் தெரியும், ஆனால் அந்த வயரின் சுமையை இரண்டு வீட்டுப் பலகையில் ஒன்றுகூடக் கணக்கில் எடுத்திருக்காது.

தகரக் கூரைக்கு மேலே வரும் சர்வீஸ் வயரையும் பாருங்கள். காற்றுக்கு உரசி உரசி உறை தேய்ந்தால் கூரை முழுக்கக் கரண்ட் ஏறும், கூரையில் கட்டிய உடுப்புக் கொடிக்கம்பியிலும் ஏறும். சர்வீஸ் வயரை நீங்கள் தொடவேண்டாம், மின் விநியோகத்தாருக்கு 1987இல் அறிவியுங்கள். மண்சரிவில் சாய்ந்த கம்பத்துக்கும் இதே இலக்கம்தான். லைட்டெல்லாம் திடீரென அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால் லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அழையுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. இரண்டு முள் ப்ளக்கைச் செருகுவதற்காக 13 அம்பியர் ப்ளக் பொயின்ட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தாதீர்கள், குத்தினால் திறப்பது பிள்ளைகளின் விரலைத் தடுக்கும் கதவு. பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பிக் கைவைக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும் காலத்தில், இருட்டிக்கொண்டு வரும்போதே டிவி, டிஷ் வயர்களைக் கழற்றுங்கள், தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு தொடாதீர்கள். மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்கு வீட்டுக் கரண்ட்டில் கம்பி இழுப்பது சட்டவிரோதம். அதில் சாவது பெரும்பாலும் மனிதர்கள், பல தடவை அந்த வீட்டு மனிதர்களே.

வயரிங் பாஸைக் கூப்பிடும்போது என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? வேலை முடிந்ததும் எர்த் தடையை மீற்றரில் அளந்து, எத்தனை ஓம் என்று பலகைக்குள் எழுதச் சொல்லுங்கள். திறமையான பாஸ் இதற்குக் கோபப்பட மாட்டார்.

யாருக்காவது கரண்ட் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரை வெறுங்கையால் இழுக்காதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் காய்ந்த பலகையில் நின்றுகொண்டு காய்ந்த தடியால் வயரைத் தட்டிவிடுங்கள். மழையில் நனைந்த விறகுக்கட்டை உதவாது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.