பதினாறு பொடியன்களும் ஒரு நூல்கட்டைப் பெட்டியும்

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டோடு தையல் வேலை செய்பவள் நான். 'ஐடோலிஷ் செவன்' என்ற ஜப்பான் கார்ட்டூன் தொடரை, அனிமே என்பார்கள், அதை என் பெறாமகள்தான் போனில் காட்டினாள். ஒன்றோடொன்று போட்டி போடும் பாட்டுக் குழுக்களின் கதை. இரண்டு எபிசோட் பார்த்துவிட்டு, "எல்லாப் பொடியனும் ஒரே அச்சில வார்த்த மாதிரி இருக்கானுகள் புள்ள" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "கொஞ்சம் பொறுங்க சின்னம்மா, மறுகா விளங்கும்" என்றாள். விளங்கியது, ஆனால் அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் வயதில் யாராவது பார்க்கத் தொடங்கினால் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் நூல்கட்டைப் பெட்டியைத் திறவுங்கள். ஐடோலிஷ் செவன் குழுவில் ஏழு பேர், ஆளுக்கொரு நிறம். ரிக்கு சிவப்பு, இயோரி நீலம், யமாத்தோ பச்சை, மித்சுக்கி செம்மஞ்சள், தமாக்கி வான்நீலம், சோகோ ஊதா, நாகி மஞ்சள். கட்டைகளை மேசையில் வரிசையாக வைத்து, திரையில் ஒருவன் வரும்போது அவனுடைய கட்டையைத் தொட்டுப் பெயரைச் சொல்லுங்கள். பெரும்பாலும் தலைமுடியிலும் அந்தச் சாயல் இருக்கும். எனக்கு நாலாம் எபிசோட்டில் பிடிபட்டது. தமாக்கியை மட்டும் அதற்கு முன்னமே தெரியும். அவன் புட்டிங் பைத்தியம். காத்தான்குடி வட்டிலப்பத்தை ஒரு தரம் தின்னக் கொடுத்தால் ஜப்பானுக்குத் திரும்பிப் போகமாட்டான்.

நிறம் பதிந்தபின் எண்ணுக்கு வாருங்கள். ஏழு பேரின் பெயரிலும் ஜப்பான் எழுத்தில் ஒன்றிலிருந்து ஏழுவரை ஒளிந்திருக்கிறது. இயோரி ஒன்று, யமாத்தோவின் குடும்பப் பெயரில் இரண்டு, இப்படியே போய் ரிக்குவின் குடும்பப் பெயரான நனாசேயில் ஏழு. எதிர்க்குழுவான ட்ரிகரில் மூன்று பேர்: காக்கு எட்டு, டென் ஒன்பது, ரியூனொசுக்கே பத்து. இருவர் மட்டுமே உள்ள ரீவேலில் மோமோ நூறு, யூக்கி ஆயிரம். பின்னால் வரும் சூல் குழுவின் நான்கு பேருக்கு எண் இல்லை, பெயரில் நாய், புலி, பாம்பு, பன்றி. மொத்தம் பதினாறு. அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு என்ன நினைத்தார்களோ.

தைத்துக்கொண்டே பார்க்காதீர்கள். நான் பார்த்ததில் பேச்சு ஜப்பான் மொழி, கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடியது ஆங்கிலத்தில். அதை வாசிக்கப் போய் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கையை உட்புறம் வெளியே வரத் தைத்துவிட்டேன். வாசிப்பு மெதுவானவர்கள் வேகத்தை முக்காலாகக் குறைக்கலாம். பாட்டு வந்ததும் பழைய வேகத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் காய்ச்சல்காரன் பாடுவதுபோல் இருக்கும்.

வரிசை இதுதான். 2018இல் வந்த முதல் பருவம் 17 எபிசோட், 2020இல் வந்த இரண்டாவது 15. மூன்றாவது 30. அது 2021இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல்தான் முடிந்தது. ஒன்று இருபத்துநான்கு நிமிடம் என்று வைத்தால் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட இருபத்தைந்து மணித்தியாலம். இரவுக்கு இரண்டு என்றால் ஒரு மாதத்தில் முடியும். 2023இல் வந்த படத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதில் கதையே இல்லை, முழுக்க மேடைக் கச்சேரி. பதினாறு பேரையும் தெரியாமல் பார்த்தால் வெறும் வெளிச்சம்தான்.

இனி, கட்சி சேர்வது. அவசரப்படாதீர்கள். நம் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டை அம்மப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொழுவிக் கயிறு கட்டி இழுக்கும். தோற்ற பக்கத்தைப் பாட்டாலேயே கிழிப்பார்களாம். ஆனால் இரண்டு சேரியும் கும்பிடுவது ஒரே கண்ணகி அம்மனைத்தான். இந்தக் கதையின் போட்டியும் அந்த மாதிரிதான். முதல் கச்சேரிக்கு ஒன்பதே ஒன்பது பேர் வந்து நிற்கும்போது ஏழு பேருக்காக மனம் உருகி, ட்ரிகரைத் திட்டத்தான் தோன்றும். நானும் டென்னைத் திமிர் பிடித்தவன் என்று திட்டினேன். முதல் பருவம் பாதி தாண்டுமுன்னே அந்தப் பேச்சை விழுங்க வேண்டி வந்தது. ரிக்குவுக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்று சொல்லமாட்டேன். ரிக்குவுக்கு மூச்சுமுட்டும் நோய் இருப்பதை மட்டும் மனதில் வையுங்கள், டென் அவனை எப்படிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள்.

டென்னுக்கு ரோஸ் நிறம். அந்தக் கட்டையைப் பெறாமகள் எடுத்துப் போய்த் தன் மேசையில் வைத்திருக்கிறாள். நேற்று ஒரு பிள்ளையின் பிறந்தநாள் சட்டைக்கு நூலைக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறாள்.